ஊசி போட்ட பிறகான அரை மணி நேரம்: ரடோண்டா வாட் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

வெக்குரோனியம் தூளாக வரும். குப்பிக்குள் திரவம் விட்டுக் கரைத்த பிறகுதான் சிரிஞ்சில் எடுக்க முடியும். மிடாசோலம் திரவமாகவே வரும், அப்படியே எடுக்கலாம். ஒன்று தசைகளை முடக்குகிற மருந்து, மற்றொன்று பதற்றத்தைத் தணிக்கிற மருந்து. நர்சிங் படிக்கிற பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லுவார்கள்.

2017 டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், ரடோண்டா வாட் என்ற செவிலியர் மிடாசோலம் என்று நினைத்து வெக்குரோனியத்தைக் கரைத்தார். கரைக்கும்போதே 'இது ஏன் தூளாக இருக்கிறது' என்று அவருக்கு வித்தியாசமாகத்தான் பட்டிருக்கிறது. பிறகு விசாரணையில் அவரே அதைச் சொன்னார். குப்பியைத் திருப்பி, எப்படிக் கரைப்பது என்று பின்பக்கத்தில் இருந்ததைப் படித்தார். முன்பக்கத்தில் இருந்த பெயரைப் படிக்கவில்லை.

நரம்பு ஊசி பற்றிய சட்டமும் அறமும் வகுப்பில் வரும்போதெல்லாம் நான் இந்த வழக்கைத்தான் எடுக்கிறேன். விதிகளை வரிசையாகச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இதைச் சொன்னால் அப்படி மறப்பதில்லை.

நடந்தது

நோயாளி 75 வயதுப் பெண்மணி. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு டிசம்பர் 24 அன்று சேர்க்கப்பட்டவர். இரண்டு நாளில் நன்றாகத் தேறி வந்தார். 26ஆம் தேதி பெட் (PET) ஸ்கேன் எடுக்கக் கீழே ரேடியாலஜி பகுதிக்குக் கொண்டுபோனார்கள். மூடிய இடம் என்றால் அவருக்குப் பயம். பதற்றம் தணிய ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். மருத்துவர் வெர்செட் 2 மில்லிகிராம் நரம்பு வழியாகக் கொடுக்கச் சொன்னார். வெர்செட் என்பது மிடாசோலத்தின் வணிகப் பெயர்.

உத்தரவு பதிவானது பிற்பகல் 2.47. மருந்தாளுநர் சரிபார்த்தது 2.49. வாட் அன்று 'எல்லாருக்கும் உதவி' என்கிற பணியில் இருந்தார். தனக்கென்று நோயாளி கிடையாது, எங்கே கை தேவையோ அங்கே போக வேண்டும். கூடவே வேலை பழக வந்த புதுச் செவிலியர் ஒருவர். இந்த ஊசியைப் போட்டுவிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் இன்னொரு நோயாளிக்கு விழுங்கும் திறன் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது.

அங்கே மருந்து எடுப்பது கணினி வைத்த பெட்டகத்தில். பெயரைத் தட்டினால் இழுப்பறை திறக்கும். வாட் ஆங்கிலத்தில் 'வி', 'இ' என்று வெர்செட்டின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். நோயாளியின் பட்டியலில் அது வரவில்லை. பெட்டகம் மருந்துகளை மூலப்பெயரில் அடுக்கியிருந்தது, மிடாசோலம் என்று தேடியிருந்தால் வந்திருக்கும். அவர் ஓவர்ரைடு பொத்தானை அழுத்தினார். அதாவது, மருந்தாளுநர் சரிபார்த்த பட்டியலைத் தாண்டி, பெட்டகத்தில் உள்ள எதை வேண்டுமானாலும் எடுக்கிற வழி. மறுபடியும் அதே இரண்டு எழுத்து. முதலில் வந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தார். அது வெக்குரோனியம். அப்போது மணி 2.59.

திரையில் எச்சரிக்கை வந்தது. குப்பியின் மூடியிலேயே 'எச்சரிக்கை: தசைகளை முடக்கும் மருந்து' என்று அச்சிட்டிருந்தது. அந்த நேரத்தில் வாட் கூட இருந்த புதுச் செவிலியரிடம் அடுத்துச் செய்யப்போகும் பரிசோதனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ரேடியாலஜி பகுதியில் பார்கோடு ஸ்கேனர் இல்லை. இருந்திருந்தால் நோயாளியின் கைப்பட்டையையும் குப்பியையும் காட்டியதும் அது தடுத்திருக்கும். ஊசி போட்டார், போய்விட்டார்.

நோயாளி காத்திருப்பு அறையில் தனியாகப் படுத்திருந்தார். ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்து உடலில் பரவ நேரமாகும், அதற்கான காத்திருப்பு. கேமரா வழியாகத் தொழில்நுட்பப் பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு ஓடுகிறதா இல்லையா என்று தெரிகிற அளவுக்கு அந்தப் படம் தெளிவாக இல்லை. கண் மூடியிருந்ததால் ஓய்வெடுக்கிறார் என்றே நினைத்தார்கள்.

வெக்குரோனியம் நினைவைத் தொடுவதே இல்லை. தசைகளை மட்டும் முடக்கும். மூச்சுத் தசையும் அதில் அடக்கம். மயக்க மருந்தும் கொடுக்காமல், மூச்சுக்குழாயும் போடாமல் அதைக் கொடுத்தால், ஆள் விழித்த நினைவோடு இருக்கும்போதே மூச்சு நின்றுபோகும். கூப்பிட வாய் வராது, கை அசையாது. வகுப்பில் இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன்.

ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தார்கள். நாடித்துடிப்பு இல்லை. மார்பை அழுத்தி இதயத்தை மீட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூளை மீளவில்லை. மறுநாள், டிசம்பர் 27 அன்று, உயிர்காப்புக் கருவிகளை நிறுத்தினார்கள்.

மீதமிருந்த குப்பியை இன்னொரு செவிலியர் பார்த்து, இதைத்தானா கொடுத்தாய் என்று கேட்டபோது வாட் மறைக்கவில்லை. அன்றைக்கே மருத்துவர்களிடமும் மேலதிகாரிகளிடமும் சொன்னார். அன்று சொன்னதைப் பிறகும் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

சொன்னவரும் சொல்லாதவர்களும்

2018 ஜனவரி தொடக்கத்தில் மருத்துவமனை வாட்டை வேலையிலிருந்து நீக்கியது. மரணத்தை மருத்துவ ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்தபோது வெக்குரோனியம் என்ற சொல்லே அதில் இல்லை. மூளை ரத்தக்கசிவால் வந்த இயற்கை மரணம் என்று பதிவானது. சட்டப்படி மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் போக வேண்டிய அறிக்கை போகவில்லை. குடும்பத்தோடு நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு சமரசம் முடிந்தது, வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு.

2018 அக்டோபரில் பெயர் குறிப்பிடாத ஒருவர் தகவல் கொடுத்தார். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிற மத்திய அமைப்பு திடீர் ஆய்வுக்கு வந்தது. நவம்பரில் வந்த அறிக்கையைப் படித்துத்தான் உலகத்துக்கு நடந்தது தெரிந்தது. மெடிகேர் பணம் நின்றுவிடும் என்ற நிலை வந்ததும் மருத்துவமனை திருத்தத் திட்டம் ஒன்றைக் கொடுத்தது. விஷயம் அதோடு முடிந்தது.

வாட்டுக்கு அப்படி முடியவில்லை. மாநிலச் சுகாதாரத் துறை 2018 அக்டோபரில் நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பை மூடியிருந்தது. 2019 பிப்ரவரியில் போலீஸ் அவரைக் கைது செய்தது. அதன் பிறகு சுகாதாரத் துறை தன் முடிவை மாற்றிக்கொண்டு குற்றச்சாட்டு தாக்கல் செய்தது. 2021 ஜூலையில் செவிலியர் வாரியம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. 2022 மார்ச் 25 அன்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். அரசுத் தரப்பு கேட்டது, ஆபத்து தெரிந்திருந்தும் துணிந்து செய்த மரணம் என்ற குற்றம். நடுவர் குழு அதை ஏற்கவில்லை. அதைவிடக் குறைந்த குற்றத்தை எடுத்தது: ஆபத்து தெரியாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவர், சாதாரணக் கவனத்திலிருந்து மிகவும் விலகிவிட்டார். கூடவே, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவரைக் கடுமையாகப் புறக்கணித்த குற்றம். இரண்டும் சேர்ந்து எட்டு ஆண்டு வரை சிறை கிடைத்திருக்கலாம். மே 13 அன்று நீதிபதி ஜெனிஃபர் ஸ்மித் சிறை வேண்டாம் என்று முடிவு செய்தார். மூன்று ஆண்டு கண்காணிப்பு, அதை ஒழுங்காக முடித்தால் குற்றப் பதிவு நீங்க வாய்ப்பு.

விசாரணையில் மாநிலப் புலனாய்வுத் துறை அதிகாரி ஒருவரே சாட்சி சொன்னார்: இந்தத் தவறில் மருத்துவமனைக்குப் பெரும் பொறுப்பு உண்டு என்று மாநில விசாரணையாளர்கள் கண்டிருந்தார்கள். ஆனாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது செவிலியர் மட்டும்தான்.

எது தவறு, எது கைவிடல்

இனி என் கருத்து.

பணியில் நடக்கும் தவறுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றை மூன்றாகப் பிரிப்பார்கள். கை தவறிப்போவது ஒன்று. எல்லாரும் செய்கிறார்களே என்று பழகிப்போன குறுக்குவழி இன்னொன்று. ஆபத்து தெரிந்தே துணிவது மூன்றாவது. முதலாவதற்கு ஆறுதலும், இரண்டாவதற்குப் பயிற்சியும், மூன்றாவதற்குத் தண்டனையும் வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஓவர்ரைடை இதில் எங்கே வைப்பது? அந்த மருத்துவமனையில் அப்போதுதான் புது மின்னணுப் பதிவு முறை வந்திருந்தது. பெட்டகத்துக்கும் மருந்தகத்துக்கும் தகவல் சரியாகப் போகாமல் தாமதம் ஆனதால் ஓவர்ரைடு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. ஒரு பாட்டில் சலைன் எடுக்கக்கூட அது தேவைப்பட்டது என்று வாட் வாரியத்திடம் சொன்னார். ஒரு பொத்தானை ஒரு நாளில் பத்து முறை அழுத்தினால் அது எச்சரிக்கையாக இருக்காது, கதவுப் பிடியாகிவிடும். இதை ஒரு செவிலியரின் குற்றமாக நான் பார்க்கவில்லை.

இரண்டு எழுத்துத் தேடலும் அப்படியே. இந்த வழக்குக்குப் பிறகு, பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான அமெரிக்க நிறுவனம் குறைந்தது ஐந்து எழுத்துத் தட்டினால்தான் பெட்டகம் மருந்துப் பெயரைக் காட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐந்து எழுத்து இருந்திருந்தால் வெர்செட் என்று தேடியவருக்கு வெக்குரோனியம் வந்திருக்காது.

பெயரைப் படிக்காமல் விட்டது? அது செவிலியருடையது. அதை யார் மேலும் தள்ள முடியாது. பெட்டகத்திலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, நோயாளிக்குப் போடும் முன் என்று மூன்று முறை லேபிளைப் படி என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தருகிறோம். தூள் என்றதும் மனம் ஒரு நொடி நின்றதே, அந்த ஒரு நொடியைக் காப்பாற்றத்தான் அந்த மூன்று முறை. ஆனால் பேசிக்கொண்டே வேலை செய்யும் மனிதர் யாருக்கும் இது நடக்கும். நான் வார்டில் இருந்த காலத்தில், கையில் ஏற்றிய சிரிஞ்சோடு படுக்கைவரை போய், அங்கே நோயாளியின் பெயரைக் கேட்ட பிறகுதான் இது பக்கத்துப் படுக்கைக்கு உரிய மருந்து என்று தெரிந்து திரும்பியிருக்கிறேன். அன்று பெயர் கேட்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

என்னால் கடக்க முடியாத இடம் அதற்கு அடுத்தது. ஊசி போட்டபின் கிளம்பிப் போனது.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். குப்பியில் சரியான மருந்தே இருந்திருந்தாலும் அங்கிருந்து போயிருக்கக் கூடாது. மிடாசோலத்தை நரம்பில் போட்டால் சில நிமிடத்தில் வேலை செய்யும், மூச்சை அடக்கும். போட்டபின் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று அந்த மருந்தின் தகவல் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். 75 வயது, மூளையில் ரத்தக்கசிவு, தனியறை. ஆக, மருந்து மாறியது ஒரு தவறு. பார்க்காமல் போனது, மருந்து மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும் தவறு. யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் மூச்சு நின்ற முதல் நிமிடத்திலேயே முகமூடியும் பலூனும் வைத்து மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம். வெக்குரோனியத்தின் விளைவு நிலையானது அல்ல. மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது கடந்துபோகும்.

மாத்திரைக்கும் நரம்பு ஊசிக்கும் உள்ள வேறுபாடே இதுதான். மாத்திரை உடலில் சேர நேரமாகும், தசை ஊசி மெதுவாகப் பரவும். நரம்பில் போனது போனதுதான். அதனால் நரம்பு ஊசியில் செவிலியரின் கடமை சிரிஞ்சை அழுத்தியதும் முடிவதில்லை, அங்கேதான் அதன் கனமான பாதி தொடங்குகிறது. ஊசி போட்ட மருந்தைப் பதிவேட்டில் எழுதவும் இல்லை. புது முறை தானாகவே பதிந்துகொள்ளும் என்று மேலாளர் சொன்னதாக வாட் சொன்னார். எழுதியிருந்தால் அந்த எழுத்தே ஒருவேளை கண்ணில் பட்டிருக்கும்.

இதிலும் அவர் ஒருவரை மட்டும் சொல்ல முடியாது என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஊசி போட ஒருவரை அனுப்பினார்கள், கண்காணிக்க ஒருவரையும் அனுப்பவில்லை. அடுத்த வேலையைக் கையில் கொடுத்தே அனுப்பினார்கள். ஆனால் 'நான் இங்கே இருக்க வேண்டும், அந்தப் பரிசோதனைக்கு வேறு ஆளை அனுப்புங்கள்' என்று சொல்கிற உரிமையும் கடமையும் செவிலியருக்கு உண்டு. அதற்காகத்தான் உரிமம் கொடுக்கிறார்கள்.

ஆகவே உரிமத்தின் மேல் வாரியம் நடவடிக்கை எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். சிறை வழக்கு சரியில்லை. உண்மையை அன்றே சொன்னவர் கூண்டில் நின்றார், மறைத்தவர்கள் மேல் குற்ற வழக்கே வரவில்லை. இதைப் பார்த்த ஒவ்வொரு செவிலியருக்கும் என்ன தோன்றும்? அமெரிக்கச் செவிலியர் சங்கம் பயந்ததும் இதற்குத்தான்: இனி யாரும் தவறைச் சொல்ல மாட்டார்கள். கென்டக்கி மாநிலம் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மிகக் கடுமையான அலட்சியமோ வேண்டுமென்றே செய்ததோ இல்லாத மருத்துவத் தவறுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் மேல் குற்ற வழக்கு இல்லை என்று அது சொல்கிறது.

நம் பக்கம்

இந்த வழக்கை நம் ஊர் வார்டில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்?

இந்தியாவில் இதற்கு முன்னோடி 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. டைஃபாய்டு என்று சேர்த்த குழந்தை. செவிலியர் ஒரு ஊசி மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னார், அப்பா வாங்கிக் கொடுத்தார், நரம்பில் போட்டார்கள். குழந்தை அம்மா மடியிலேயே சாய்ந்தது. மூளை மீளவே இல்லை. அந்தச் செவிலியர் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர். குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்குத் தனியாக 5 லட்சம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பணியாளரின் தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்பது அதன் சாரம். நாஷ்வில்லில் நடக்காதது இங்கே நடந்தது என்று அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

அது இழப்பீட்டு வழக்கு. குற்ற வழக்கு வேறு. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்றம் என்றது. இன்னொரு தகுதியான மருத்துவரின் கருத்து இல்லாமல் வழக்கை ஏற்காதீர்கள், வழக்கமான முறையில் கைது செய்யாதீர்கள் என்றும் சொன்னது. ஆனால் அந்த வழிகாட்டல் முழுக்க 'மருத்துவர்' என்ற சொல்லைச் சுற்றியே எழுதப்பட்டது.

இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் மருத்துவச் சிகிச்சையின்போது செய்தால் இரண்டு ஆண்டு வரை. பதிவு பெற்ற மருத்துவர் யார் என்றும் அங்கேயே விளக்கியிருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி தகுதி பெற்று மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியர் அந்த விளக்கத்துக்குள் வருவதில்லை. பழைய சட்டத்தின் 304ஏ பிரிவில் எல்லாருக்கும் இரண்டு ஆண்டுதான் இருந்தது. இப்போது ஒரே படுக்கையில், ஒரே ஊசியில், எழுதிய மருத்துவருக்கு இரண்டு, போட்ட சிஸ்டருக்கு ஐந்து என்றுதான் அந்த எழுத்து வாசிக்கக் கிடக்கிறது. செவிலியர் சங்கங்கள் இதை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

நம் வார்டில் கணினிப் பெட்டகம் இல்லை, தட்டும் டிராலியும்தான். ஓவர்ரைடு பொத்தானுக்குப் பதில் 'சிஸ்டர், அதைப் போட்டுடுங்க' என்ற போன் உத்தரவு இருக்கிறது. வெர்செட், வெக்குரோனியம் போல இங்கே பொட்டாசியம் குளோரைடும் டிஸ்டில்டு வாட்டரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவை இரவு டூட்டி பார்த்த யாரிடமும் சொல்லிப் பாருங்கள்.

போன மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்தாள். "மேம், அப்போ தப்பு நடந்துட்டா சொல்லணுமா, வேண்டாமா? சொன்னவங்களைத்தானே பிடிச்சாங்க?"

சொல்ல வேண்டும் என்றேன். வாட் சொன்னதால்தான் அந்தப் பெண்மணி எதனால் இறந்தார் என்பது இன்று நமக்குத் தெரியும், பெட்டகங்கள் மாறின. அப்புறம், எப்படிச் சொல்வது என்பதையும் உட்கார வைத்துச் சொன்னேன். முதலில் நோயாளியின் மூச்சு, நாடி, உதவிக்கு ஆள். உடனே டூட்டி டாக்டருக்கும் வார்டு இன்சார்ஜுக்கும் தகவல். குப்பியையும் சிரிஞ்சையும் குப்பையில் போடாதே, தனியாக எடுத்து வை. கேஸ் ஷீட்டில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணி, பிறகு நோயாளி எப்படி இருந்தார், யாரிடம் எப்போது சொன்னாய் என்று மட்டும் எழுது. ஏன் நடந்தது, யார் காரணம் என்பதெல்லாம் அங்கே வேண்டாம், அதற்குச் சம்பவ அறிக்கை இருக்கிறது. எழுதியதை அடிக்காதே, திருத்தி மேலே எழுதாதே. போன் உத்தரவென்றால் திருப்பிப் படித்துக் காட்டினாயா என்பதையும் எழுது.

அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "ஊசி போட்டுட்டு அங்கேயே நின்னா மத்த பெட் யார் பாப்பாங்க மேம்?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். பார்க்க ஆள் இல்லை என்றால் அதை இன்சார்ஜிடம் சொல்லு, நேரத்தோடு எழுது, ஆள் வரும்வரை மயக்க ஊசியைப் போடாதே. சரி மேம் என்று போனாள். இரவு டூட்டியில் தனியாக நிற்கும்போது அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது.